ஊர்ப் பெயரும் மோட்டார் விளம்பரமும்

மோட்டார் கார் ஒன்றை விற்பதற்காக எடுக்கப்பட்ட இரண்டு நிமிடப் படம், ஒரு நகரத்து மக்கள் பலரின் உள்ளத்தை உருக்கியது. அதே நகரத்தில் வேறு சிலரைச் சினங்கொள்ளவும் செய்தது. அமெரிக்காவில் நிகழ்ந்த செய்திதான் எனினும், பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு அதில் எண்ணிப் பார்க்கத் தக்கது உண்டு.

டெட்ராயிட் நகரம் மோட்டார் தொழிலின் தாயகம். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்னும் மூன்று பெருங் கம்பெனிகளும் அங்கே வளர்ந்தன. 1950-இல் 18 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். 2010-இல் எஞ்சியிருந்தோர் 7 லட்சத்துச் சொச்சம் பேரே. ஆலைகள் மூடப்பட்டன, தெருத் தெருவாக வீடுகள் பாழடைந்தன. அவ்வூரின் பெயரைச் சொன்னால் இடிந்த கட்டடங்களின் புகைப்படந்தான் பிறர் நினைவுக்கு வரும் என்ற நிலை உண்டாயிற்று.

இந்நிலையில் 2011 பிப்ரவரி 6 அன்று, 'சூப்பர் பௌல்' என்னும் கால்பந்துப் பெரும் போட்டியின் இடைவேளை ஒன்றில் கிரைஸ்லர் கம்பெனியின் விளம்பரம் ஒளிபரப்பாயிற்று. அப்போட்டியைத் தொலைக்காட்சியில் கண்டோர் ஏறத்தாழ 11 கோடிப் பேர். படத்தில் முதலில் கார் முக்கியமாகத் தோன்றவில்லை, ஊர்தான் தோன்றியது. புகைபோக்கிகள், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் நினைவாக நிறுவிய மாபெரும் வெண்கலக் கை, ஆலைத் தொழிலாளரைப் பற்றி டீகோ ரிவேரா 1930-களில் அருங்காட்சியகச் சுவரில் தீட்டிய ஓவியங்கள் என ஒவ்வொன்றாக வந்தன. அந்நகரில் வளர்ந்த எமினெம் என்னும் பாடகர் காரை ஓட்டிவந்து, பழைய நாடக அரங்கு ஒன்றில் பாடகர் குழுவின் முன் நின்றார். இறுதியில் திரையில் எழுந்த வாசகத்தின் பொருள், 'டெட்ராயிட்டிலிருந்து இறக்குமதி' என்பது.

நான் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன். சுங்க இலாகாவின் தாள்களில் இந்த 'இறக்குமதி' என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அயல்நாட்டிலிருந்து வருவதே இறக்குமதி. சொந்த நாட்டு நகரத்திலிருந்து வரும் பொருளை ஒருவன் இறக்குமதி என்றால், அதில் இரண்டு பொருள் தொனிக்கிறது. 'அயல்நாட்டுச் சரக்குக்கு எங்கள் சரக்கு இளைத்ததன்று' என்பது ஒன்று. 'எங்களை நீங்கள் அயலாராகவே நடத்திவிட்டீர்கள்' என்பது மற்றொன்று. அவ்வூர் மக்கள் இரண்டாவதைக் கேட்டிருக்க வேண்டும்; அதனாலேயே நெஞ்சு நிமிர்ந்தது போலும்.

ஆனால் கேள்விகளும் உடனே எழுந்தன. அந்தக் கார் உருவானது டெட்ராயிட்டில் அன்று, ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்ற பக்கத்து ஊரில். கம்பெனியின் தலைமையகம் இருந்ததும் நகர எல்லைக்கு வெளியே. விளம்பரத்தை ஆக்கிய நிறுவனமோ நெடுந்தொலைவில் உள்ள போர்ட்லண்டைச் சேர்ந்தது. 2009-இல் திவாலாகி அரசாங்கப் பணத்தால் மீண்ட கம்பெனி, நிர்வாகத்தை இத்தாலியின் ஃபியட்டிடம் ஒப்படைத்திருந்த கம்பெனி, இத்தனை செலவு செய்து ஊர்ப் பெருமை பேசலாமா என்று கேட்டனர் சிலர்.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றியது வேறொன்று. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் அந்த வாசகத்தைப் பனியன்களில் அச்சிட்டு விற்றார். கம்பெனி அவர்மீது வழக்குத் தொடுத்தது! ஊரார் தம் ஊரின் பெயரை மார்பில் அணிவதற்குக் கம்பெனியின் அனுமதி வேண்டுமா? தற்காலிகத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதைப் படித்தபோது என் நினைவு தேவிகுளத்துக்குச் சென்றது. அம்மலைகளில் பிறந்து வளர்ந்தவன் நான். 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் பெற்ற நிலம் அது. பின்னர் கங்காணிகள் மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் அழைத்துவந்த மக்கள் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டனர். கண்ணன் தேவன் என்ற மலைத் தலைவரின் பெயர் மலைக்கும், பிறகு கம்பெனிக்கும், அதன் பிறகு தேயிலைப் பொட்டலத்துக்கும் ஆயிற்று.

2005-இல் டாட்டா கம்பெனி தோட்டங்களைக் கைவிட்டபோது, புதிய கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதி தொழிலாளர்க்கும் ஊழியர்க்கும் வந்தது. பொட்டலத்தின் பெயரோ டாட்டாவிடமே தங்கிவிட்டது. பெயர் ஓரிடத்தில், செடி வேறோரிடத்தில். பங்குக்காரர்களாகிய அந்தத் தோட்டப் பெண்களே 2015 செப்டம்பரில் மூணாற்றின் சாலையில் உட்கார்ந்தனர். அன்று அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். அப்பெயர் எந்த விளம்பரக்காரரும் ஆக்கித் தந்ததன்று. கேட்ட போனஸ் கிடைத்தது. கூலி 500 கேட்டதற்கு 301 ஆயிற்று.

'இறக்குமதி' என்ற சொல் எங்களுக்கு வேறொரு வகையிலும் உறைக்கும். 1955-இல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் அவர்கள் தோட்ட வேலைக்காக வந்துபோகும் மக்கள் என்று கருதி, அவ்விரண்டையும் கேரளத்துடனேயே இருக்கச் செய்தது. கமிஷனின் முடிவு சரியா தவறா என்பது இங்கே என் பேச்சன்று. மலையாளிகளும் தமிழர்களும் அங்கே ஒரே சந்தையில் பேரம் பேசி, ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றனர். ஆனால் நான்கைந்து தலைமுறைகள் லயங்களில் பிறந்து அம்மண்ணிலேயே அடங்கிய பிறகும், 'வந்தவர்கள்' என்ற சொல் போகவில்லை. வடக்கே என்னை ஊர் கேட்பவரிடம் கேரளம் என்றால், 'மலையாளியா?' என்பார். தமிழன் என்றால், 'கேரளத்துக்கு எப்போது போனீர்கள்?' என்பார். நேயர்களில் பலர்க்கும் இத்தகைய அனுபவம் இருக்கும்.

இக்காலத்து மோட்டார் விளம்பரங்களில் மலைச்சாலைக்குக் குறைவில்லை. வளைந்து செல்லும் பாதை, இருபுறமும் கத்தரித்த கம்பளம்போல் தேயிலை, நடுவே பளபளக்கும் வண்டி. போடிமெட்டிலிருந்து பூப்பாறை வழியாகத் தேவிகுளத்துக்கு ஏறும் கேப் ரோட்டை அறிந்தவர்க்கு, அத்தகைய காட்சி எதைக் கண்டாலும், 'இது நம்முடைய வளைவன்றோ!' என்று தோன்றும். பெரும்பாலும் அது வேறு மலையாக இருக்கும். இருந்தாலும் மனம் கேட்பதில்லை. என் பிள்ளைகள், 'அப்பா, நம் ஊரா?' என்று கேட்கின்றனர். நான் சரிவை உற்றுப் பார்க்கிறேன், தலையில் துணி கட்டிக் கொழுந்தெடுக்கும் பெண்கள் யாரேனும் தெரிகின்றனரா என்று. அநேகமாக ஒருவரும் தெரிவதில்லை. அதற்குள் வண்டி அடுத்த வளைவைத் தாண்டிவிடுகிறது.