திரைக் காடும் தரைக் காடும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கோவையில் கூடும் ஓர் இலக்கிய வட்டம் தன் பத்தாம் ஆண்டு விழாவில் காட்டு விலங்குகளைப் பற்றிய பேச்சுக்கு இடம் தந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நகரின் மேற்குப் புறத்தில் நின்று பார்ப்பவருக்கு அவ்வியப்பு நீங்கிவிடும். தடாகம், மருதமலை, போளுவாம்பட்டி, மதுக்கரை, வாளையாறு என அரைவட்டமாக நிற்கும் மலையடிவாரம் முழுவதும் யானை நடமாடும் மண். நகரிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் அம்மண்ணை மிதித்துவிடலாம். இருந்தும், இந்நகரத்துப் பிள்ளைகள் வரைகிற காட்டுப் படங்களில் பெரும்பாலும் சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியுமே நிற்கின்றன. ஆனைமலையின் ஆமாவும் கடமானும் வரையாடும் அப்படங்களில் இடம்பெறுவது அரிது. அருகிலுள்ள காடு தொலைவாகவும், ஆப்பிரிக்கப் புல்வெளி அண்மையாகவும் ஆனது எப்படி என்பதே இவ்வுரையின் கேள்வி.

விடை வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. 1995இல் டிஸ்கவரி அலைவரிசை இந்தியாவுக்கு வந்தது. 1998இல் நேஷனல் ஜியாகரபிக் வந்தது. 2011இல் டிஸ்கவரி நிறுவனம் தமிழுக்கெனத் தனி அலைவரிசையையே தொடங்கியது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். டேவிட் அட்டன்பரோ 1979இல் 'லைஃப் ஆன் எர்த்' தொடரில் உயிர்களின் நெடிய வரலாற்றை வகுப்பறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வழியில் வந்த படங்களால், கடலையே காணாத ஊர்களிலும் திமிங்கலம் தன் கன்றோடு நீந்துவதைக் கண்டு வியந்தார்கள். விலங்கு என்றால் வேட்டைக்குரியது என்னும் பழைய எண்ணம் ஒரு தலைமுறைக்குள் தளர்ந்ததில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும் ஒரு கலைப்பொருள் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது கவிஞர்களுக்குப் பழக்கமான வேலை. செய்யுளைச் சீர் பிரித்துப் பார்ப்பவர்கள் இப்படங்களையும் பிரித்துப் பார்க்கலாம். அவற்றில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது காலம். மறைவிடத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தவை ஒரு மணி நேரத்திற்குள் சுருக்கப்படுகின்றன. வேட்டை இருக்கும்; வேட்டைக்கு முன்னும் பின்னும் புலி உறங்கிய நாள்கள் இரா. இரண்டாவது ஒலி. நெடுந்தொலைவிலிருந்து பெருவில்லை கொண்டு எடுக்கும் காட்சியில் அவ்விலங்கின் காலடி ஓசை பதிவாவதில்லை. சருகு நொறுங்கும் ஒலியும் எலும்பு முறியும் ஒலியும் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்னர் செய்து சேர்க்கப்படுபவை. மூன்றாவது இடம். 2011இல் ஒளிபரப்பான 'ஃப்ரோசன் பிளானெட்' தொடரில், பிறந்த பனிக்கரடிக் குட்டிகள் தாயின் வளைக்குள் கிடக்கும் காட்சி ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் எடுக்கப்பட்டது. காட்டு வளைக்குள் கேமரா வைத்தால் தாய்க்கும் குட்டிக்கும் கேடு என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் தந்தனர். அவ்விளக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1958இல் வெளியான டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' படத்திற்கு அந்த நியாயமும் இல்லை. லெம்மிங் என்னும் சிற்றுயிர்கள் கூட்டங் கூட்டமாகக் கடலில் விழுந்து மாய்வதாக அப்படம் காட்டியது. ஆஸ்கார் பரிசும் பெற்றது. அவ்வுயிர்களை விலைக்கு வாங்கி வந்து, கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில் பாறையிலிருந்து தள்ளிவிட்டுப் படம் எடுத்தார்கள் என்பதைக் கனடாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1982இல் வெளிப்படுத்தியது. அதற்குள் லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்பது உலகெங்கும் உவமையாகிவிட்டது. ஒரு பொய் உவமையாகிவிட்டால் அதைத் திரும்பப் பெறுதல் எத்துணைக் கடினம் என்பதைக் கவிஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படங்களைப் பார்த்துப் பழகிய கண்களோடு ஒரு குடும்பம் பொள்ளாச்சி வழியாக டாப்ஸ்லிப்புக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். சேத்துமடைச் சோதனைச் சாவடி கடந்து, மலையேறி, வனத்துறையின் வண்டியில் சபாரி செல்கிறது. வண்டி மெல்ல ஊர்கிறது. புள்ளிமான் கூட்டம் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்கிறது. மலை அணில் ஒன்று கிளை தாவுகிறது. காட்டுப் பன்றி ஒன்று புதரோரம் மண்ணைக் கிளறுகிறது. ஒரு வளைவில் ஆமா ஒன்றின் முதுகு மட்டும் தெரிந்து மறைகிறது. மணி ஒன்றானதும் வண்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. "புலியைக் காணோமே, யானைகூட இல்லையே, போன காசு வீண்" என்ற முணுமுணுப்போடு குடும்பம் இறங்குகிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 1480 சதுர கிலோமீட்டர். அதில் சில கிலோமீட்டர் சாலையில் ஒரு மணி நேரம் சென்றவர்க்குப் புலி எதிர்வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் காடு உண்டாக்கவில்லை, திரையே உண்டாக்கியது. சபாரி என்ற சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதுதான் பொருள். காட்சி என்ற பொருள் அச்சொல்லில் இல்லை.

அக்குடும்பம் தவறவிட்டவை பல. டாப்ஸ்லிப் என்னும் பெயரே ஒரு வரலாறு. ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கி விட்டதால் வந்த பெயர் அது. ஆதிகாலப் பெருங்காடு என்று பயணிகள் வியந்து நோக்கும் தேக்கு மரங்களில் பல, மொட்டையடிக்கப்பட்ட மலையில் மீண்டும் வளர்க்கப்பட்டவை. அப்பணியை முன்னின்று செய்த வன அலுவலர் ஹியூகோ வுட் 1933இல் இறந்து, தாம் வளர்த்த மரங்களுக்கிடையிலேயே புதைக்கப்பட்டார். தம்மைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அக்கல்லறையில் உள்ளது. அதன் அருகே படம் எடுத்துக்கொள்ளும் பலர் சுற்றிலும் பார்ப்பதில்லை.

காணாமற்போன புலியையும் காண்பவர் அங்கு இருக்கிறார்கள். கோழிகமுத்தி யானை முகாமில் பணிபுரியும் மலசர்களும், காட்டையே வீடாகக் கொண்ட காடர்களும் முறிந்த மூங்கிலிலும் ஈரம் உலராத சாணத்திலும் காட்டைப் படிக்கிறார்கள். மந்தியின் எச்சரிக்கைக் குரல் எத்திசையில் எழுந்தது என்று கேட்டே சிறுத்தை செல்லும் வழியை உணர்கிறார்கள். காட்டில் காண்பது சிறிது, அறிவது பெரிது.

இந்த அறிவு தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. குறிஞ்சித் திணைப் பாடல்களில் புலி எதிரே வந்து நிற்பதைவிட, அதன் அச்சமே மிகுதியாக வருகிறது. பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூக்களைப் புலி என்று மயங்குவது அப்புலவர்கள் மீண்டும் மீண்டும் கையாண்ட காட்சி. அது வெறும் அணியன்று. புலி உள்ள காட்டில் வாழ்பவர்க்கு மஞ்சளும் கருமையும் கலந்த எதுவும் ஒரு கணம் புலியாகத் தோன்றும். அந்த ஒரு கணத்தை எழுதியவர் காட்டை அறிந்தவர். புலியின் பல்லை நெருக்கத்தில் கண்டும் அந்தக் கணத்தை அறியாதவர் திரையை மட்டும் அறிந்தவர்.

அண்மைக் காலத்தில் இவ்விரு அறிவையும் ஒருங்கே பெற்றிருந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தவர். பல கேமராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்திச் செய்துகொண்ட கருவியோடு காட்டில் பொறுமையாகக் காத்திருந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வெளிவந்துள்ளன. தொகுத்தவர் கொங்கு மண்ணின் தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன். திரைப்பட வரலாற்றாசிரியராகவும் இயற்கை ஆர்வலராகவும் விளங்குபவர் அவர். உயிரினங்களைப் பழைய தமிழ்ப் பெயர்களாலேயே சுட்ட வேண்டும் என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளார். ஆமா என்ற சொல் மறைந்தால், அவ்விலங்கைக் கண்ட தமிழ்க் கண்ணும் உடன் மறையும்.

இதுவரை பேசியது திரையில் பார்ப்பவரையும் பயணமாகச் செல்பவரையும் பற்றியது. மூன்றாம் தரப்பு ஒன்றுண்டு. காட்டின் விளிம்பிலேயே வாழ்பவர்கள் அவர்கள். கொங்கு நாட்டு உழவர் பேச்சில் காடு என்றால் விளைநிலம் என்று பொருள். "காட்டுக்குப் போகிறேன்" என்பவர் சோளத்துக்கோ கடலைக்கோ போகிறார். 2019 சனவரி இறுதியில் தடாகம் பகுதியில் பிடிபட்டு ஆனைமலையில் விடப்பட்ட சின்னத்தம்பி என்னும் யானை, மலையிறங்கி நடந்து உடுமலை வட்டாரக் கரும்புத் தோட்டங்களை அடைந்தது. செய்தி அலைவரிசைகள் நாள்தோறும் அதைப் பின்தொடர்ந்தன. 'யானை காட்டை விட்டு வந்துவிட்டது' என்பது திரையில் ஒலித்த செய்தி. 'யானை காட்டுக்குள் வந்துவிட்டது' என்பது உழவரின் பேச்சு. ஒரே சொல், நேர் எதிரான இரு செய்திகள். நகரத்தார் சின்னத்தம்பியை நாயகனாக்கி, அதைக் கும்கியாக்கக் கூடாது என்று குரல் கொடுத்தனர். அன்பு மெய்யானதே. ஆனால் தடாகத்திலும் உடுமலையிலும் இரவு முழுவதும் பந்தமும் பட்டாசுமாகக் கண்விழித்தவர்களின் முகம் அத்திரையில் ஓரத்திலேயே நின்றது. உயர்நீதிமன்ற ஆணைப்படி பிப்ரவரி நடுவில் யானை மீண்டும் பிடிக்கப்பட்டு, வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைக்கப்பட்டுப் பின்னர் கும்கியாகவும் பயிற்றுவிக்கப்பட்டது. கேமராக்கள் அடுத்த செய்திக்குச் சென்றன.

தொலைக்காட்சி இதைவிட நல்ல வேலையும் செய்யக்கூடும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அது வால்பாறையில் இருக்கிறது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தேயிலை மேட்டுநிலத்தைச் சுற்றிலும் காடு. யானைகள் தோட்டங்களின் ஊடே நடந்தே ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குச் செல்ல வேண்டும். அந்தி மங்கிய வேளையில் கடைக்குச் சென்று வீடு திரும்பும் தொழிலாளி, பாதையில் யானை நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டு உயிரிழப்பதே அங்கு நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றின் கதை. யானை பகை கொண்டு வந்ததனால் அன்று, வந்த செய்தி கிடைக்காததனால் நேர்ந்த சாவுகள் அவை. இதைக் கண்டறிந்த நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். மாலையில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில், ஓடும் படத்தின் அடியில் ஒரு வரி ஊர்ந்து சென்றது. இன்ன தோட்டத்தில், இன்ன பகுதியில் யானைகள் நிற்கின்றன என்பதே அவ்வரி. 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியும், உயரமான கம்பங்களில் எரியும் சிவப்பு விளக்குகளும் அதனோடு சேர்ந்தன. வனத்துறையும் தோட்டத்து மக்களும் கைகொடுத்த இப்பணிக்காக ஆய்வாளர் ஆனந்தகுமார் 2015இல் இலண்டனில் விட்லி விருது பெற்றார்.

அந்த ஒற்றை வரியை எண்ணிப் பார்க்க வேண்டும். அதில் யானையின் படம் இல்லை. பின்னணி இசை இல்லை. வருணனையாளரின் கம்பீரக் குரல் இல்லை. ஆனால் அதைப் படித்த பெண்மணி மகனைக் கடைக்கு அனுப்பாமல் நிறுத்தினார். மகனும் பிழைத்தான், யானையும் வெடிச்சத்தமின்றித் தன் வழி சென்றது. அந்த வரியில் யானை அயலாராக இருந்தது. மதுக்கரை அருகே இருப்புப் பாதையோரம் 2024 பிப்ரவரி முதல் செயற்கை நுண்ணறிவின் துணையோடு இயங்கும் வெப்ப உணர் கேமராக்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று பெண் யானைகள் இரயிலில் அடிபட்டு இறந்த பாதை அது. எதுவும் நிகழாத இரவே அந்தக் கேமராக்களுக்குச் சிறந்த இரவு.

வட்டத்தின் கவிஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கவியரங்குகளில் புலி உறுமுகிறது, யானை பிளிறுகிறது. அந்த உறுமல் எங்கிருந்து வந்தது, எந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது என்று எழுதும் கை ஒருமுறை நின்று கேட்கலாம். வேண்டுமானால் ஒரு நாள் சேத்துமடைக்குச் சென்று, ஒன்றும் காணாமல் திரும்பலாம். அந்தக் காணாமையையும், வழியில் கேட்ட ஒரு குரலையும், அதற்கு வழிகாட்டியவர் சொன்ன பெயரையும் எழுதலாம். அல்லது வால்பாறைக்குச் சென்று, மங்கும் வெளிச்சத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு வேறு பாதையில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியோடு நடக்கலாம். வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் அத்தகைய கவிதை ஒன்று இதே அவையில் படிக்கப்படுமானால், அடிவாரத்துக் காடு இந்நகருக்கு ஓர் அடி நெருங்கி வந்திருக்கும்.