பீப்பாய் சவுனா வாங்கும் முன்: முதலில் கால் எங்கே இருக்கும்னு பாருங்க

இன்னைக்கு எபிசோட் ஃபின்லாந்து, எஸ்போவுல இருந்து. இங்க வேலைக்கு வந்து, லோன் போட்டு வீடு வாங்குற நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, ஒரு பீப்பாய் சவுனா வெச்சிடலாமா?"

படுக்க வெச்ச பெரிய மரப் பீப்பாய். ஒரு முனையில கதவு, உள்ள ரெண்டு பக்கமும் பெஞ்ச், ஒரு அடுப்பு. போட்டோவுல பார்த்தா ஆசையாத்தான் இருக்கும். ஆனா சில ஆயிரம் யூரோ போகுது. கூடவே நெருப்போ 400 வோல்ட் மின்சாரமோ தோட்டத்துக்குள்ள வருது. அதனால அவசரப்படாம பேசுவோம்.

முதல்ல பின்னணி, சுருக்கமா. ஃபின்லாந்துல மக்கள்தொகை சுமார் 55 லட்சம். சவுனாக்கள் சுமார் 30 லட்சம். 2020-ல யுனெஸ்கோ தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல இதைச் சேர்த்தது. உள்ள 70-லிருந்து 90 டிகிரி இருக்கும். சூடான கல் மேல தண்ணி ஊத்தும்போது எழும்புற ஆவிக்கு 'லோய்லு'ன்னு பேரு. சவுனாவுல மத்த எல்லாமே அந்த லோய்லு நல்லா வரணும்ங்கறதுக்காகத்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். குளியலறையில ஆவி எங்க போய் நிக்குது? கூரைக்குக் கீழ. சவுனாவும் அப்படித்தான். தலைகிட்ட 85 டிகிரி இருக்கும்போது தரைகிட்ட 40 டிகிரிதான் இருக்கலாம். அதனால இங்க அனுபவசாலிங்க சொல்ற விதி: பெஞ்சில உக்காந்தா உங்க பாதம் அடுப்புக் கல்லைவிட உயரத்துல இருக்கணும்.

பீப்பாயில சிக்கலே இங்கதான். வெளி விட்டம் 2 மீட்டர்னா உள்ள 1.9 மீட்டர். தரைப்பலகை போட்டா இன்னும் குறையும். சுவர் வளைஞ்சு வர்றதால, தலை இடிக்காம இருக்க பெஞ்சை அரை மீட்டர் உயரத்துலதான் வைக்க முடியும். கால் தரையிலயே நிக்கும். தலை வேகும், பாதம் குளிரும்.

இதுக்குத் தீர்வு இருக்கு. விட்டம் பெருசா உள்ள மாடல் பாருங்க. கல் தாழ்வா அடுக்கின அடுப்பு வாங்குங்க. நகர்த்தக்கூடிய கால்பலகை ஒண்ணு வைங்க, இல்ல பெஞ்ச் மேலயே காலை நீட்டி உக்காருங்க. மூலை மட்டும் வளைஞ்ச சதுர மாடலும் கிடைக்குது, அதுல பெஞ்ச் உயரமா வரும். கடைக்குப் போனா கூச்சப்படாம உள்ள ஏறி உக்காந்து பாருங்க. நீளம் கேக்கும்போது, முன்னாடி இருக்குற திண்ணையைச் சேர்த்த நீளமா, உள் நீளமான்னு தெளிவா கேளுங்க.

அடுத்தது, "வட்டமா இருக்கு, அதனால கரண்ட் மிச்சம்"னு சொல்வாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் நீளமுள்ள பீப்பாயோட உள் கொள்ளளவு சுமார் 5.7 கன மீட்டர். சின்னதுதான், சீக்கிரம் சூடாகும், உண்மை. ஆனா சுவர் 4 சென்டிமீட்டர் மரம் மட்டும்தான். வெளிய மைனஸ் 10, உள்ள 80 டிகிரின்னா, அந்த மரம் வழியா மட்டும் சுமார் 3 கிலோவாட் வெளிய போயிட்டே இருக்கும். அதே அளவு அறைக்கு 10 சென்டிமீட்டர் கிளாஸ் வூல் போட்டா, இழப்பு அரை கிலோவாட் பக்கம்தான்.

அதனால அடுப்பைக் கொஞ்சம் பெருசா எடுக்கணும். பொதுவா ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட். இன்சுலேஷன் இல்லாத மரச்சுவர்னா ஒன்றரை மடங்கு. நம்ம கணக்குக்கு 8, 9 கிலோவாட் வரும். முன்பக்கம் முழுக்க கண்ணாடி கேட்டா, ஒவ்வொரு சதுர மீட்டர் கண்ணாடிக்கும் 1.2 கன மீட்டர் கூட்டிக்கோங்க. 9 கிலோவாட் அடுப்பு ரெண்டு மணி நேரம் முழுசா ஓடினா 18 யூனிட். மூணு ஃபேஸ்ல, ஒரு ஃபேஸுக்கு 13 ஆம்பியர். இந்த வயரிங் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. நாம இன்ஜினியரிங் படிச்சிருக்கோம்னு ஸ்க்ரூடிரைவரோட இறங்கக் கூடாது.

விறகு அடுப்புக்கு வயரிங் வேண்டாம், லோய்லுவும் அருமையா இருக்கும். ஆனா புகை பக்கத்து வீட்டுக்குப் போகும். புகைபோக்கி மரத்தைக் கடக்குற இடம் ரொம்ப முக்கியம். அடுப்பு மேனுவல்ல போட்டிருக்குற இடைவெளியை ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைக்காதீங்க. காற்று வழியை அடைச்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாசனையே கிடையாது.

ரெண்டு வகைக்குமே காற்றோட்டம் வேணும். புதுக் காற்று அடுப்புப் பக்கம் உள்ள வரணும். பழைய காற்று எதிர்முனையில, பெஞ்சுக்குக் கீழ வெளிய போகணும். கூரைகிட்ட இருக்குற துவாரத்தை, முடிச்சப்புறம் உலர்த்துறதுக்கு மட்டும் திறங்க. மூச்சு முட்டுதுன்னா சூடு அதிகம்னு நினைப்போம். பல நேரம் காற்றுதான் கம்மியா இருக்கும்.

இப்ப நிறுவுறது. நகராட்சியில அனுமதி, எல்லையிலிருந்து விடவேண்டிய தூரம் ரெண்டையும் முதல்ல கேளுங்க. இங்க குளிர்காலத்துல மண்ணுல இருக்குற தண்ணி உறைஞ்சு தரையைத் தூக்கும். புல் மேல நேரா வெச்சா பீப்பாய் சாயும், கதவு மூடாது. மண்ணை எடுத்துட்டு 15, 20 சென்டிமீட்டர் ஜல்லி கொட்டி, இடிச்சு, ரசமட்டம் பார்த்து, மேல கான்கிரீட் பலகை போடுங்க.

பீப்பாயை இறுக்கிப் பிடிச்சிருக்குறது சுத்தி இருக்குற இரும்புப் பட்டைகள்தான். மரம் ஈரத்துல ஊதும், காஞ்சா சுருங்கும். அதனால பட்டையோட போல்ட்டை சீசனுக்கு ஒரு தடவை பாருங்க. தளர்ந்திருந்தா இறுக்குங்க, மரம் ஊதிப் பட்டை விறைச்சா கொஞ்சம் விடுங்க. மழையும் பனியும் நேரா பலகை இடுக்குல இறங்காம இருக்க, மேல தார் ஷீட் கூரை கட்டாயம். வெளிப்பக்கம் எண்ணெய் பூசலாம். உள்ள வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பெஞ்சுக்கு ஆஸ்பென் மாதிரி பிசின் வராத மரம் நல்லது. கல்லும் சவுனாவுக்குன்னு விக்கிறதை வாங்குங்க, ஆத்துக் கல் சூட்டுல வெடிக்கலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கணும், தாழ்ப்பாள் இருக்கவே கூடாது. உள்ள மயக்கம் வந்தா அந்தக் கதவுதான் உயிர்.

சரி, வாங்கலாமா? வாரத்துக்கு நாலு நாள், நடுக் குளிர்காலத்துலயும் போவீங்கன்னா, இன்சுலேஷன் போட்ட சின்ன மர அறை கட்டுங்க. முதல்ல செலவு கூடும், ஆனா பெஞ்ச் உயரமா வரும், சூடும் நிக்கும். வார இறுதியில ரெண்டு, மூணு பேர், சின்னத் தோட்டம், சீக்கிரம் வேலை முடியணும்னா பீப்பாய் தாராளமா வாங்கலாம். ஆனா கண்ணாடியில போடுற காசை அடுப்புலயும் அடித்தளத்துலயும் போடுங்க.

உங்க இடத்தோட அளவும் கேள்வியும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து கணக்குப் போடுவோம். இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க. குடிச்சுட்டு யாரும் உள்ள போகாதீங்க. பார்ப்போம் மக்களே!