பயணச் சீட்டு தொலைந்தால்



புது தில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப் பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் ஊருக்குப் புறப்படும்போது பெட்டி, படுக்கை, குழந்தைகளுக்குத் தின்பண்டம், பாட்டிக்குக் கம்பளி என்று ஒவ்வொன்றையும் எண்ணிக் கட்டுகிறோம். அத்தனையிலும் மிகச் சிறியது பயணச் சீட்டு. பெரும்பாலும் அதுதான் காணாமற் போகிறது. சட்டைப் பையில் இருந்ததைப் பணப் பைக்கு மாற்றி, பிறகு மனைவியிடம் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த அம்மாளோ கண்ணாலும் காணவில்லை என்கிறார். அதற்குள் பரிசோதகர் பக்கத்துப் பெட்டிக்கு வந்துவிடுகிறார்.

இந்நிலையில் மனம் பதறுவது இயல்பே. ஆயினும், தொலைந்தது எவ்வகைச் சீட்டு என்று தெளிந்தால் பாதிக் கலக்கம் தீரும்.

முன்பதிவு நிலையத்தில் வாங்கிய சீட்டானால், காகிதம் தொலைந்தாலும் இடம் தொலைவதில்லை. பயணியின் பெயரும் பத்து இலக்கப் பதிவு எண்ணும் கணக்கில் இருக்கின்றன. இடம் உறுதியான சீட்டு தொலைந்ததை, பயணிகள் பட்டியல் தயாராகுமுன் முன்பதிவு நிலையத்தில் தெரிவித்தால் மாற்றுச் சீட்டுத் தருவார்கள். இரண்டாம் வகுப்புக்கும் படுக்கை வகுப்புக்கும் ஆளுக்கு 50 ரூபாய், ஏனைய வகுப்புகளுக்கு 100 ரூபாய் கட்டணம். பட்டியல் தயாரான பின் சென்றாலோ, பயணக் கட்டணத்தில் பாதியைச் செலுத்த வேண்டும். ஆகவே, வீட்டைத் துருவித் தேடுவதில் பொழுதைப் போக்காமல் முன்பதிவு நிலையத்துக்கு விரைவதே அறிவுடைமை. பழைய சீட்டு பின்னர் கிடைத்துவிட்டால், வண்டி புறப்படுமுன் இரண்டையும் காட்டிச் சிறு பிடித்தம் போக மீதியைத் திரும்பப் பெறலாம்.

இணையத்தின் வழியே பதிவு செய்தோருக்குக் காகிதம் தொலைவது பெரிதன்று. கைபேசியில் வந்த குறுஞ்செய்தியும் அசல் அடையாள அட்டையும் போதும். இவர்களுக்கு அபாயம் வேறு: பாதி வழியில் கைபேசி அணைந்துவிடலாம். பதிவு எண்ணை ஒரு தாளில் குறித்துத் தனியே வைப்பதும், உடன் வருவோர் ஒருவருக்கு நகல் அனுப்புவதும் நல்ல காப்பு.

முன்பதிவில்லாத பெட்டியில் செல்லும் தொழிலாளியின் நிலைதான் கடினம். அவர் சீட்டில் பெயரில்லை. ஆகவே மாற்றுச் சீட்டும் இல்லை. அது தொலைந்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, பயணம் செய்த தூரத்துக்கான கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் கட்ட நேரும். ஏறிய நிலையம் எது என்பதில் ஐயம் எழுந்தால், வண்டி புறப்பட்ட நிலையத்திலிருந்தே கட்டணம் கணக்கிடப்படும். நாட்கூலி பெறுவோருக்கு இது சிறு தொகையன்று. எனவே அத்தகையோர் சீட்டை வாங்கியவுடன் கைபேசியில் படம் எடுத்து வைப்பது நன்று. படம் சீட்டாகாது, ஆனால் எங்கே ஏறினோம் என்று எடுத்துச் சொல்ல உதவும்.

ஒன்றை மறக்கலாகாது. ஏமாற்றும் நோக்கத்துடன் சீட்டின்றிச் செல்வதைச் சட்டம் 137-ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. தவறவிட்டவரும் ஏமாற்றுபவரும் சட்டத்தின் கண்ணில் ஒருவரல்லர். ஆகவே கழிவறைக்குள் ஒளிவதும் அடுத்த பெட்டிக்கு நழுவுவதும் வேண்டா. பரிசோதகரிடம் நாமே முற்பட்டுச் சொல்ல வேண்டும். செலுத்தும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

பெண்கள் அறிந்துகொள்ள வேண்டியது மற்றொன்று. ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ, சீட்டில்லை என்பதற்காகக் கண்ட நிலையத்தில் இறக்கிவிட 139-ஆம் பிரிவு இடந்தரவில்லை. அவர்கள் ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில்தான், அதுவும் பகலில்தான், இறக்கலாம். மொழி தெரியாத ஊரில், நள்ளிரவில் தனியே நிற்க நேருமோ என்று அஞ்சும் நம் சகோதரிகளுக்கு இது பெருந்துணை. வேலை தேடி முதன்முறையாக வெளியூர் புறப்படும் பெண்ணுக்கு, வழிச் சோற்றோடு இந்தச் செய்தியையும் சொல்லி அனுப்புங்கள்.