பலெட்டில் ஒரு முத்திரை

கணக்காளனுக்கு மரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் கொழும்பிலிருந்து கொள்கலனில் சரக்கு எடுத்தார். பத்திரங்களில் குறையில்லை. சரக்கை அடுக்கியிருந்த மரப் பலெட்டுகளில்தான் முத்திரை இல்லை. திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. செலவெல்லாம் அவர் தலையில். நட்டக் கணக்கில் அதை எழுதியவன் நான்.

இது 2002இல் வந்த சர்வதேச விதி. மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் சூடு தொடர்ந்து 30 நிமிடம் இருக்கவேண்டும். அல்லது மெதைல் புரோமைட் புகையூட்டலாம். அதன்பின் கோதுமைக்கதிர் முத்திரை குத்துவார்கள். ஒட்டுப்பலகைக்கு இது தேவையில்லை.

ஏன் இந்தக் கெடுபிடி? பொதி மரத்துக்குள் ஒளிந்து வரும் ஆசிய நீள்கொம்பு வண்டு 2003இல் ரொறன்ரோ, வோன் எல்லையில் பிடிபட்டது. மேப்பிள் மரத்தைக் குடைந்தே கொன்றுவிடும். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டவேண்டியதாயிற்று. 2013இல் ஒழிந்தது என்றார்கள். அதே ஆண்டில் மிசிசாகாவில் மறுபடி தலைகாட்டியது. அங்கும் ஒழிந்ததென்று 2020இல்தான் அறிவித்தார்கள்.

ஆகவே, ஊரிலிருந்து சரக்கு எடுப்பவர்களே, கொள்கலனைப் பூட்டுமுன் பலெட் முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.