வேப்பூரிலேயே தெரிய வேண்டும்



பொங்கல் விடுமுறை முடியும் மாலையில், வேப்பூர் கூட்டுரோட்டில் ஏறிச் சென்னைக்குப் புறப்படும் வேனுக்குச் சாலை காலியாகத்தான் தெரியும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை நெருங்கிய பிறகே வரிசை கண்ணில் படும். அப்போது முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாவடியைக் கடக்க வண்டிக்கு 10 விநாடி என்றால், ஒரு தடத்தில் மணிக்கு 360 வண்டிகள். பத்துத் தடங்கள் என்றால் எல்லாம் சேர்த்து 3,600. அந்த ஒரு மணி நேரத்தில் 5,000 வண்டிகள் வந்தால் 1,400 வண்டிகள் நிற்கத்தான் வேண்டும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் சில்லறைக்குக் காத்திருப்பது குறைந்தது, நல்ல காரியம். ஆனால் எல்லோரும் ஒரே மாலையில் கிளம்புவதை அந்த வில்லை என்ன செய்யும்?

சாவடி இல்லாத இடத்திலும் நெரிசல் பிறக்கிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டார்கள். முடிவு 2008இல் வெளியானது. சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை. ஒருவர் சற்றே வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் குறைக்க, சில கார்கள் நின்றேவிட்டன!

லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் 1995 முதல் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். கூட்டம் சேரத் தொடங்கியதும் மின்பலகையில் வேக வரம்பு 70 மைலிலிருந்து 60, 50 என்று இறங்கும். எல்லோரும் சீராக ஓடினால் நின்று நின்று போவது குறையும்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட உடனே வேண்டாம். ஒரே ஃபாஸ்டேக் வழியில் வரும் செங்குறிச்சி சாவடியில் எத்தனை மணிக்குப் பதிவானது, விக்கிரவாண்டியில் எத்தனை மணிக்குப் பதிவானது? இரண்டையும் கழித்தால் பயண நேரம் வந்துவிடும். தகவல் கையிலேயே இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் வந்து சேரவில்லை. விழுப்புரத்துக்கு முன்பே தெரிந்தால் புதுச்சேரி போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். வேப்பூரிலேயே தெரிந்தால் புறப்படுவதையே இரண்டு மணி நேரம் தள்ளிப்போடலாம்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதே சாலையில்தான் இருக்கிறது. வரிசை அதுவரை நீண்டால் ஆம்புலன்ஸும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு நாம் அனுப்பும் மனுவில் இரண்டே கோரிக்கைகள்: வேப்பூர் கூட்டுரோட்டில் சென்னை செல்வோருக்குப் பயண நேரத்தைக் காட்டும் ஒரு மின்பலகை, விழுப்புரம் புறவழிச்சாலைக்கு முன் இன்னொன்று. அடுத்த பொங்கலுக்குள் இரண்டும் எரிய வேண்டும். மனு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.