குழந்தையின் முகத்தை மறைப்போம், சாதியை மறைக்க மாட்டோம்

(காமயகவுண்டன்பட்டியில் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'காணாமல் போகும் குழந்தைகளும் ஊடகங்களும்'. இந்தத் தலைப்பை இந்த ஊரில் நின்று பேசினால் உங்கள் மனதில் ஒரு குழந்தையின் முகம் வந்துபோகும் என்று எனக்குத் தெரியும். 2014 டிசம்பர். பத்து வயது. அதற்கு மேல் அவளைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசப்போவதில்லை. பெயர், தெரு, பள்ளிக்கூடம், கடைசியாக அவளை யார் எங்கே பார்த்தார்கள் என எதையும் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் என் மூலமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஏழைக் குழந்தை ஒன்று காணாமல் போனால் நடப்பதை இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம். முதல் கட்டத்தில் யாரும் வருவதில்லை. இரண்டாம் கட்டத்தில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

நொய்டாவின் நிதாரியை நினைத்துப் பாருங்கள். 2005, 2006 ஆண்டுகளில் அங்கே பிழைக்க வந்த கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். புகார் வாங்க ஆளில்லை. 2006 டிசம்பர் கடைசியில் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளியே வந்தபோதுதான் நாட்டின் அத்தனை கேமராக்களும் அந்தத் தெருவுக்கு வந்தன. மனித மாமிசம், நரபலி என்று வாரக்கணக்கில் கதைகள் ஓடின. முடிவு என்ன? தண்டிக்கப்பட்டவர் மீதான கடைசி வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்துவிட்டது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு அந்தப் பெற்றோரிடம் இன்றும் பதில் இல்லை. தேட வேண்டிய நாட்களில் தேடவில்லை. சாட்சியம் சேகரிக்க வேண்டிய நாட்களில் கதை சேகரித்தார்கள்.

சட்டம் இல்லாமலா இப்படி நடக்கிறது? 2013 மே மாதம் 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால் கடத்தப்பட்டதாகவோ விற்கப்பட்டதாகவோ கருதி உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வந்த லலிதா குமாரி தீர்ப்பை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த வழக்கும் காணாமல் போன ஒரு சிறுமிக்காக அவளுடைய அப்பா தொடுத்ததுதான். புகார் கொடுத்தும் பதிவு செய்யவில்லை என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அம்மாவிடம் கேட்கப்படுவது என்ன? "சொந்தக்காரங்க வீட்ல பாத்தீங்களா? வீட்ல எதுவும் சண்டையா? பொண்ணு யார் கூடயாவது பேசுமா? விடிஞ்சதும் வாங்க." இவை விசாரணைக்குரிய கேள்விகள்போலத் தோன்றும். பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு இவற்றைக் கேட்டால் அது விசாரணை. எதையும் எழுதாமல் கேட்டால், உன் வீட்டில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்புவதாகத்தான் பொருள். காவல் நிலையம் விட்ட அந்த வெற்றிடத்தில்தான் ஊர்ப்பேச்சு முளைக்கிறது. பிறகு தொலைக்காட்சியில் நாம் கேட்கும் யூகங்கள் பெரும்பாலும் முதல் நாள் இரவு ஸ்டேஷன் வாசலில் கேட்ட கேள்விகளின் பெரிய வடிவம்.

யூகங்களில் முதலாவது: "அம்மா எங்கே போயிருந்தாள்?" கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் இதற்குப் பதில் தெரியும். விடிவதற்கு முன்பே தூக்குச் சட்டியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கிறாள். கம்பம் மெட்டு ஏறி, எல்லை தாண்டி, ஏலத் தோட்டத்தில் குனிந்த முதுகு நிமிராமல் வேலை பார்க்கிறாள். இல்லையென்றால் இங்கேயே திராட்சைத் தோட்டத்தில் நிற்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. தோட்டம் வைத்திருப்பவரின் பிள்ளை காணாமல் போனால் "அம்மா ஏன் வீட்டில் இல்லை" என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போனவளின் பிள்ளை காணாமல் போனால் அதுதான் முதல் கேள்வி. கூலிக்குப் போனதே குற்றம் என்பதுபோலக் கேட்கிறார்கள். அவள் நடத்தை, அவள் புருஷனின் குடி, அவர்கள் வாங்கிய கடன் என்று பேச்சு நீள்கிறது. பத்து வயதுப் பிள்ளையைப் பற்றியே "வயசுக்கு மீறின வளர்த்தி" என்று பேசும் வாய்களும் இருக்கின்றன.

இரண்டாவது யூகம், வெளியாள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கலாம். குலதெய்வக் கோயில் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பம். 65 வயதுப் பெண் ஒருவர் தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று சொல்லி ஊர் கூடி அவரை அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி ஒன்று போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். ஐவரும் ஊர் ஊராகச் சென்று பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தவர்.

இந்த வதந்தி யாரைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள். ஊசிமணி விற்பவர், திருநங்கை, வடமாநிலத் தொழிலாளி, மனநலம் குன்றி அலைபவர், நாடோடி. உள்ளூரில் செல்வாக்குள்ள ஒருவரின் வாசலுக்கு அது போவதில்லை. குழந்தைகள்மீது பாலியல் வன்முறை செய்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் நம் ஊர்கள் முதலில் தேடுவது சாக்குப்பை சுமந்து வரும் அந்நியனைத்தான்.

இனி கேமராவுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி காணாமல் போனாள். சில நாட்களில் உடல் கிடைத்தது, ஒருவர் கைதானார். அவளுடைய படத்தைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. தொலைக்காட்சிகள் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டன. 2018இல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. சிசிடிவி பதிவு முறையாக நிரூபிக்கப்படவில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பை முன்வைக்க நியாயமான வாய்ப்புத் தரப்படவில்லை என்பவை காரணங்களில் சில. நம் சுருளி அருவியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலையிலும் இதேபோல் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மரபணு மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டி நாடு முழுமைக்கும் வழிமுறைகளையும் வகுத்தது. நீதி கிடைத்துவிட்டது என்று நாம் பட்டாசு வெடித்துக் கலைந்த பிறகு, பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குடும்பங்கள் மட்டும் தனியாக நின்று இதைக் கேட்டுக்கொள்கின்றன.

பணமும் படிப்பும் உள்ளவர்களும் தப்புவதில்லை. 2007இல் போர்ச்சுகலில் காணாமல் போன பிரிட்டிஷ் குழந்தை மேடலின் மெக்கேனின் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அவர்களே குழந்தையைக் கொன்றிருக்கலாம் என்று நாளிதழ்கள் எழுதின. 2008இல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு ஐந்தரை லட்சம் பவுண்டு கொடுத்தது. அவர்களிடம் வழக்கறிஞர் இருந்தார். ஏலத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த நம் அம்மா எந்தச் சேனல்மீது வழக்குப் போடுவாள்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "செய்தி பரவினால்தானே குழந்தை கிடைக்கும்?" உண்மைதான். 2023 நவம்பரில் கொல்லம் ஓயூரில் டியூஷனுக்குப் போன ஆறு வயதுச் சிறுமியைக் காரில் கடத்தினார்கள். கேரளமே தேடியது. மறுநாள் ஒரு மைதானத்தில் அவள் உயிரோடு கிடைத்தாள். படம் பரவியது உதவியிருக்கிறது, மறுக்க முடியாது. அதே வேளையில் அவளுடைய அப்பாவைச் சுற்றியும் சந்தேகக் கதைகள் பின்னப்பட்டன. கடைசியில் கைதானவர்கள் கடன் நெருக்கடியில் பணத்துக்காகச் செய்தார்கள் என்று காவல்துறை சொன்னது. அப்பாவைப் பற்றி இரண்டு நாள் பேசியவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே தேடுவதற்கான படம் வேறு, தின்பதற்கான படம் வேறு. காணாமல் போன குழந்தையின் படம், உடை, அழைக்க வேண்டிய எண் இவ்வளவும் பரவட்டும். குழந்தை கிடைத்த நொடியில், உயிரோடு கிடைத்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் படத்தின் வேலை முடிந்தது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரையும் படத்தையும் மட்டும் தடுக்கவில்லை. முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று வரிசையாகச் சொல்கிறது. மீறினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்; சிறையென்றால் குறைந்தது ஆறு மாதம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, சாட்சியாக இருக்கும் குழந்தையையும் சேர்த்துக் காக்கிறது. தங்கையைப் பறிகொடுத்த அண்ணன் வாயில் மைக்கை நீட்டுவதும் அதனால் சட்டமீறலாகலாம். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்துபோன குழந்தைக்கும் இது பொருந்தும் என்றது.

இந்தக் குற்றத்தில் நாமும் உண்டு, தோழர்களே. 2018இல் கதுவாவில் எட்டு வயது பக்கர்வால் சிறுமி கொல்லப்பட்டபோது பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடகங்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தலா பத்து லட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. அதே படம் நம் பதாகைகளிலும் முகநூல் முகப்பிலும் இருந்தது. நான் வைத்திருந்தேன்.

என் ஆய்வேட்டில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஊரில், வேறொரு குழந்தையைப் பற்றிய பகுதி. பெயரை மாற்றி எழுதியிருந்தேன். ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்ற நினைப்பில், உதவிய ஒரு பெரியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேர மாத்திட்ட, சரி தாயி. தெருவ மாத்தலையே. எங்க தெருவுல அந்த வயசுப் பொம்பளப் புள்ள எத்தன பேரு?" நகரத்தில் பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிடலாம். காலனியில் தெருவைச் சொன்னாலே பெயரைச் சொன்னதுதான். அந்தக் குழந்தைக்குத் தங்கை இருந்தால், நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போகும்போது, கல்யாணம் பேசும்போது, "அந்த வீட்டுப் பிள்ளை" என்ற பேச்சோடுதான் போக வேண்டும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்கிறேனா? இல்லை. ஊடகங்கள் குழந்தையின் முகத்தைக் காட்டுகின்றன, சாதியை மறைக்கின்றன. 'கூலித் தொழிலாளி மகள்', 'வாலிபர்கள் வெறிச்செயல்' என்று எழுதி முடித்துவிடுகின்றன. நாம் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முகத்தை மறைத்துவிட்டு, புகார் வாங்க எத்தனை மணி நேரம் ஆனது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் எப்போது சேர்க்கப்பட்டன, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்தாரா, தீருதவித் தொகை வந்ததா என்று கேட்க வேண்டும். குற்றம் செய்தவன் எந்தச் சாதியாகவும் இருக்கலாம், நம் தெருக்காரனாகவே இருக்கலாம். அப்போதும் "விடிஞ்சதும் வாங்க" என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பியதில் சாதி இருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு குழந்தையின் புகைப்படம் நமக்குத் தேவையில்லை.

நாளைக்கே ஒரு பிள்ளை காணாமல் போனால் இங்கே இருப்பவர்கள் செய்யக்கூடியவை உண்டு. நாலு பேர் தேடப் போகும்போது இரண்டு பேர் அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். எழுதிக் கொடுங்கள், முதல் தகவல் அறிக்கை நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். அது இலவசம், உரிமை. மறுத்தால் நேரத்தைக் குறித்துவைத்து எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். 1098க்கு அழையுங்கள். ஏதாவது கிடைத்தால் அந்த இடத்தை மிதிக்காமல், படம் எடுக்காமல், போலீஸ் வரும்வரை யாரையும் அண்டவிடாதீர்கள். வீட்டு வாசலில் ஒருவர் நின்று மைக்கோடு வருபவர்களிடம் பேசட்டும். அம்மாவை உள்ளே இருக்க விடுங்கள். குழுவில் வரும் "உறுதியான தகவல்" எதையும் நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக, இதைக் காணொளியாகப் பதிவேற்றப்போகும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பைப் பார்த்ததும் பழைய செய்திப் படங்களைத் தேடி தம்ப்நெயிலில் வைக்கத் தோன்றும். வேண்டாம் தம்பி. என் படத்தையே போடுங்கள். பார்ப்பவர்கள் குறைந்தால் குறையட்டும்.