நம்மைச் சுமந்த தோழியர்



மாற்கு சுவிசேஷம் 2ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். சனநெரிசலால் கிட்டச் செல்ல முடியாமல், கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே இயேசு அவனோடு பேசினார். அந்த நால்வரின் பெயரும் எழுதப்படவில்லை.

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஒரே குப்பி விளக்கைச் சுற்றி ஐந்து பேர் படிப்போம். ஒருநாள் தவணைப் பரீட்சை வினாத்தாள் ஒன்று முன்கூட்டியே எங்கள் கைக்கு வந்தது. ஒருத்தி மட்டும் "எனக்கு வேண்டாம்" என்று எழும்பிப்போய் இருட்டில் இருந்தாள். எங்களை ஏசவில்லை; யாரிடமும் சொல்லவுமில்லை. சற்று நேரத்தில் அந்தத் தாளை விளக்கில் எரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டோம்.

எங்களில் இருவர் வைத்தியரானோம். "ஒரு கையெழுத்துத்தானே, டொக்டர்" என்று, இல்லாத நோய்க்குச் சான்றிதழ் கேட்டு வருகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் வேண்டியவர். ஒவ்வொரு முறையும் உறுதியாய் நின்றோம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பேனாவை எடுக்கும்போது, இருட்டில் தனியே இருந்த அவள் கண்முன் வருகிறாள்.

நம் பிள்ளைகள் யாருடன் சேருகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். நம்முடன் சேருகிறவர்களை நாம் எங்கே சுமந்து செல்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்வோம். நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் காத்துவருவதும் இப்படிப்பட்ட தோழமையைத்தான். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்துவோம்.